தலைக்கணக்கு

சுரங்கத்தின் வாயில் கான்கிரீட் ஊற்றிய மறு வருடம்
எங்கள் பள்ளத்தாக்குக்கு ஒரு பெயர் வந்தது,
புகாரெஸ்டிலிருந்து, அரசிதழ் வழியாக:
பின்தங்கிய பகுதி.
அதுவரை நாங்கள் வெறும் ஸ்டெர்மினோஸ்காரர்கள்.

பெயரோடு சலுகையும் வந்தது.
பத்து வருடம் வரி கிடையாது.
இறக்குமதிக்குச் சுங்கம் கிடையாது.
வேலையிழந்த ஒருவரைச் சேர்த்தால்
மாதாமாதம் தலைக்கு ஒரு தொகை.
வேலையிழந்தவர்களுக்கா பஞ்சம்?
என் அண்ணன் ஸாபின் ஒருவனே
மூன்று பேர் அளவுக்கு வேலையிழந்து கிடந்தான்,
பணிக்கொடையில் வாங்கிய கலர் டிவியின் முன்னால்.
விடிகாலை நாலு மணிக்கு எழுந்து
யாரும் கூப்பிடாத ஷிஃப்டுக்குச் சவரம் செய்துகொள்வான்.

முதலில் வந்தவர் காபிக்கொட்டை வறுக்கப்போவதாகச் சொன்னார்.
சுங்கமில்லாமல் பதினோரு லாரி வந்தது.
ஒரு கொட்டைகூட வறுபடாமல்
அப்படியே மலையேறி விலைக்குப் போனது.
வாசனைகூட எங்கள் ஊரில் இறங்கவில்லை.

அடுத்தவர் திமிஷ்வாராக்காரர், ஓப்ரிஷான்.
கார் இருக்கைகளுக்கு உறை தைப்பாராம்.
சுரங்கத்தின் பழைய விளக்கறையில்
நாற்பது தையல் இயந்திரங்களை இறக்கினார்.
எட்டு மாதம் நிஜமாகவே தைத்தோம்.
அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.
சாம்பல் நிற உறைகள்,
பெயர் தெரியாத முதுகுகள் சாய்வதற்கு.
ஸாபின் பெட்டி கட்டினான்.
ஒருமுறை சிரித்தான், நான் பார்த்தேன்.

ஒன்பதாம் மாதம் ஆர்டர் நின்றது.
சலுகை நிற்கவில்லை.

ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்று தந்தி.
தாளில் நாங்கள் நாற்பது பேர்,
தரையில் இருபத்தாறு.
மருந்துக்கடைப் பெண், பாதிரியார் மனைவி,
பள்ளிக்கூட மணியடிக்கும் க்ளெமென்டினா,
ஒப்புக்குச் சப்பாணிகளாய் மீதிப் பேர்.
துணி இருந்தது, நூல் இல்லை.
"சும்மா மிதியுங்கள்" என்றார் ஓப்ரிஷான்.
மிதித்தோம்.
துணி முழுக்க ஓட்டைகள்,
ஒன்றோடு ஒன்று சேராத நேர்த்தியான ஓட்டைகள்.

ஆய்வாளர் இக்னாத், சளி பிடித்த மனிதர்,
பென்சிலால் ஒவ்வொரு மேசையையும் தட்டி எண்ணினார்.
முப்பத்தொன்றாவது மேசையருகே
அவர் மேல்கோட்டின் பொத்தான் அறுந்து
ஸெனோவியாவின் காலடிக்கு உருண்டது.

"இதைக் கொஞ்சம் தைத்துத் தர முடியுமா அம்மா?
பேருந்தில் அஞ்சு மணி நேரம், வெளியே பனி."

நாற்பது ஊசிகளும் ஒரே நேரத்தில் நின்றன.

அந்த அறை அப்படி அமைதியானதை
முன்பு ஒருமுறைதான் கேட்டிருக்கிறேன்.
ஷிஃப்ட் முடிந்ததும் பித்தளை வில்லைகளைப்
பலகையில் மாட்டி எண்ணுவார்கள்.
ஒரு வில்லை குறைந்தால் ஒருவன் இன்னும் கீழே.
அன்று குறைந்தது.

ஸெனோவியா தன் தலைத்துணியின் ஓரத்தைப் பிரித்தாள்.
சிவப்பு இழை.
கறுப்புக் கோட்டில் சிவப்பாய்ப் பொத்தானைத் தைத்து
பல்லால் கடித்து அறுத்தாள்.
இக்னாத் இழையைப் பார்த்தார்.
ஓட்டைத் துணியைப் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம்.
பிறகு உட்கார்ந்து
எண்ணாலும் எழுத்தாலும் எழுதினார்: நாற்பது.

இரக்கமா, பேருந்துக்கு நேரமாகிவிட்டதா,
பூஜ்யம் என்று எழுதினால்
பகுதியின் பெயரே பறிபோகும் என்ற கணக்கா,
இன்றுவரை தெரியாது.
சலுகை இரண்டு வருடம் நீண்டது.
ஓப்ரிஷான் இயந்திரங்களோடு கிளம்ப
அதில் நாலு மாதம் போதுமாயிருந்தது.
எங்களுக்கு அரைச் சம்பளம் மூன்று முறை வந்தது.
நான் அதில் பூட்ஸ் வாங்கினேன், மறைக்கவில்லை.

ஆனால் அந்தச் சாயங்காலம்
வரிசையாய் நாங்கள் வெளியே வந்தபோது
ஸாபின் வாசலில் நின்று,
வெறும் ஆணிகள் மட்டும் இருந்த பலகையைப் பார்த்தபடி
எங்களை ஒவ்வொருவராய் எண்ணினான்.
கடைசியாகக் கோட்டை இழுத்து மூடிக்கொண்டு இக்னாத்.
"நாற்பத்தொன்று" என்றான் ஸாபின்.
"எல்லோரும் மேலே வந்தாயிற்று."

யாரும் கீழே போகவே இல்லை என்று
அவனிடம் நாங்கள் சொல்லவில்லை.